யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என்: சென்னை வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு ஆண்டுகள்

சென்னையில் பழைய ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைத் தேடிப் புறப்படுகிறவரின் கைக்கு முதலில் வந்து சேருவது பெரும்பாலும் யாஷிகா எலக்ட்ரோ 35 தான். ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டூடியோக்களில் இரட்டை லென்ஸ் யாஷிகாவே அதிகம் இருந்ததால் அந்தப் பெயர்மீது வீட்டுப் பெரியவர்களுக்குத் தனி நம்பிக்கை உண்டு. வெளிநாட்டுப் பொருள் கிடைப்பதே அரிதாக இருந்த எழுபதுகளில், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் பெட்டியில் டேப் ரெக்கார்டர், நைலக்ஸ் புடவை, கோடாலித் தைலம் ஆகியவற்றோடு இந்தக் கேமராவையும் வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவற்றில் பல, நான்கைந்து கல்யாணங்களையும் ஒரு கொடைக்கானல் பயணத்தையும் படம் பிடித்துவிட்டு, பீரோவின் மேல்தட்டில் ரச கற்பூர உருண்டைகளுக்கு நடுவே தோல் உறைக்குள் நாற்பது ஆண்டுகள் உறங்கின. இப்போது விற்பனைக்கு வருபவை அவைதாம்.

நான் வைத்திருப்பது 1973ஆம் ஆண்டு வெளிவந்த ஜிஎஸ்என் என்ற வகை. முதல் எலக்ட்ரோ 35 வந்தது 1966இல். அதன்பின் ஜி, ஜிஎஸ் என்று சிறுசிறு திருத்தங்களோடு வளர்ந்து ஜிஎஸ்என்னில் வந்து நின்றது. கறுப்பு வண்ண உடலோடு வருவதற்கு ஜிடிஎன் என்று பெயர். உள்ளே இரண்டும் ஒன்றே. கறுப்புக்காக இரண்டு மடங்கு விலை கேட்பவர்களிடம் நான் பேரம் பேசுவதில்லை, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இப்போதைய பெரிய கேமராக்களைப் போல இதில் லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. தனியாக ஒரு சன்னல் வழியாகப் பார்க்கிறோம். அந்தச் சன்னலின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கட்டம் தெரியும். சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு சிறு சன்னலிலிருந்து வரும் உருவம், கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி அந்தக் கட்டத்துக்குள் விழுவதால், எதிரே நிற்பவருக்கு இரண்டு மூக்கு இருப்பதுபோலத் தோன்றும். லென்ஸின் குவிய (ஃபோகஸ்) வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் குவியம் சரியாகிவிட்டது என்று பொருள். இந்த முறையின் பெரிய நன்மை, வெளிச்சம் குறைந்த இடத்திலும் இரண்டு கோடுகள் ஒன்றாகிவிட்டனவா இல்லையா என்பதைக் கண் தயக்கமின்றிச் சொல்லிவிடும் என்பதே. கோயில் பிரகாரத் தூண், கதவு நிலை, மூக்குக் கண்ணாடியின் விளிம்பு என்று நேர்க்கோடு எதாவது ஒன்று அகப்பட்டால் போதும்.

இந்தக் கேமராவின் லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7. வெளிச்சம் புகும் லென்ஸ் துளையின் அளவைச் சொல்வது எஃப் எண்; எண் குறையக் குறையத் துளை பெரிது. நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள் கொண்டது. துளையை முழுதாகத் திறந்து எடுக்கும்போது படத்தின் ஓரங்கள் சற்று மென்மையாக இருக்கும். எஃப் 4க்கு வந்ததும் மூலைவரை கூர்மை வந்துவிடுகிறது. விளக்கு நேராக லென்ஸில் விழும்போது கறுப்பும் வெளுப்பும் கலந்து கொஞ்சம் சோகை பிடித்தாற்போல ஆகிவிடும் என்பது உண்மை. ஆயினும் இந்த விலைக்கு இப்படிப்பட்ட லென்ஸ் வேறெங்கும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

இயக்கும் விதம் மிக எளிது. துளையின் அளவை நாம் வைக்க வேண்டும், ஷட்டரின் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தும்போது சன்னலுக்குள் மஞ்சள் அம்பு எரிந்தால், நேரம் 1/30 நொடியைவிட நீளும், கை ஆடாமல் பார்த்துக்கொள் என்று பொருள். சிவப்பு அம்பு எரிந்தால், 1/500 நொடியிலும் வெளிச்சம் மிஞ்சிப்போகும், துளையைக் குறை என்று பொருள். இரண்டும் எரியாவிட்டால் எடுக்கலாம். கேமரா எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதை அது எங்கும் சொல்லாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு முதல் மூன்று மாதம் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு, சமையலில் உப்பு எத்தனை கிராம் என்று கேட்காத அம்மாவைப்போல, நானும் கேட்பதை விட்டுவிட்டேன். 1/500 நொடியிலிருந்து 30 நொடி வரை இடைப்பட்ட எந்த வேகத்தையும் இந்த மின்னணு ஷட்டரால் தர முடியும். ஆனால் நாமாக ஒரு வேகத்தை வைக்க வழியே இல்லை. ஃபிளாஷுக்கான 1/30 நொடியும், அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்திருக்கும் பி என்ற நிலையும் மட்டுமே நம் கையில். பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் எப்போதும் 1/500 நொடியிலேயே இயங்கும்.

இனி சென்னைக்கு வருகிறேன். கேமரா விமரிசனங்கள் பெரும்பாலும் மங்கிய வெயில் உள்ள ஊர்களில் எழுதப்படுபவை. ஆகவே இந்தச் சிக்கல் அவற்றில் அழுத்தமாகச் சொல்லப்படுவதில்லை. நல்ல வெயிலில் துளையை எஃப் 16இல் வைத்தால், ஷட்டர் வேகம், ஃபிலிமின் ஒளியுணரும் திறனைச் சொல்லும் ஏஎஸ்ஏ எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது பழைய வாய்பாடு. 400 ஏஎஸ்ஏ ஃபிலிம் போட்டால் எஃப் 16க்கு 1/400 நொடி வேண்டும். எலக்ட்ரோவின் மிகச் சிறிய துளையும் எஃப் 16 தான், அதன் உச்ச வேகமும் 1/500 தான். எஞ்சியிருக்கும் இடம் மிகக் குறைவு. நண்பகலில் மெரினாவில் நின்று, மணலும் கடலும் சேர்ந்து கண்ணைக் கூச வைக்கும்போது பொத்தானைத் தொட்டால், துளை வளையத்தைக் கடைசிவரை திருப்பிய பிறகும் சிவப்பு அம்பு அணைவதில்லை. முதல் ரோலில் பாதிப் படங்கள் அப்படித்தான் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வந்தன. இப்போது பகலுக்கு 100 ஏஎஸ்ஏ ஃபிலிம் மட்டுமே போடுகிறேன். எஃப் 8இல் சுகமாக எடுக்க முடிகிறது.

கறுப்பு வெள்ளையில் 400 தவிர வேறு இல்லை என்ற நிலை வரும்போது, 55 மில்லிமீட்டர் மஞ்சள் ஃபில்டரை மாட்டிவிடுகிறேன். அது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும், வானத்தில் மேகங்களையும் எடுப்பாகக் காட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஒளியை அளக்கும் கண் இதில் லென்ஸுக்குள் இல்லை, உடலின் மேல்புறத்தில் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபில்டர் மாட்டியிருப்பது அதற்குத் தெரியாது. கேமராவில் ஏஎஸ்ஏ எண்ணை 400இலிருந்து 200க்கு நாமே திருப்பி வைக்க வேண்டும்.

அந்தக் கண் வெளியே இருப்பதால் நான் பட்ட அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் அத்தை மகளின் கல்யாணம். வீடியோக்காரரின் முழங்கைக்கும் நாதஸ்வரக்காரருக்கும் நடுவே இடம் பிடித்து, கெட்டிமேளம் முழங்கும்போது தாலி கட்டுவதை நான்கு படங்கள் எடுத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, மஞ்சள் அம்பும் முறையாக எரிந்தது, ஷட்டரும் முறையாக ஒலித்தது. ஃபிலிமைக் கழுவி வாங்கியபோது அந்த நான்கு கட்டங்களும் வெறும் கண்ணாடியாக இருந்தன. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. இதே தவற்றைக் கேனன் நிறுவனத்தின் ரேஞ்ச்ஃபைண்டரான கேனனெட் க்யூஎல்17 ஜி3இல் செய்திருந்தால், அதன் அளக்கும் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருப்பதால், தானியங்கி நிலையில் முள் அசையாது, ஷட்டரும் பூட்டிக்கொள்ளும். அத்தை இன்றுவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததுதான் உறுத்துகிறது. மூடியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, லென்ஸ் முனையில் நிரந்தரமாக ஒரு தெளிந்த ஃபில்டரைப் போட்டுவிட்டேன்.

வெளிச்சம் குறைந்த பின்தான் இந்தக் கேமராவின் நேரம் தொடங்குகிறது. மார்கழியில் விடியுமுன் மயிலாப்பூர் மாட வீதிகளில் கோலம் போடுபவர்களைத் தெருவிளக்கின் ஒளியிலேயே எடுத்திருக்கிறேன். துளை எஃப் 1.7, ஃபிலிம் 400, மஞ்சள் அம்பு எரிந்தபடியே இருக்கும், மின்கம்பத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சை அடக்கினால் பத்தில் ஏழு படங்கள் அசையாமல் வந்துவிடுகின்றன. உள்ளே மேலெழும்பும் கண்ணாடி எதுவும் இல்லாததாலும், ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே சின்னஞ்சிறு இதழ்களாக இருப்பதாலும் அதிர்வு இல்லை. ஓசையும் நகம் வெட்டுவதைவிடக் குறைவு. சபா கேண்டீன்களில் வாழை இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களை அவர்கள் கவனம் கலையாமல் எடுக்க இதைவிட நல்ல கருவியை நான் கையாண்டதில்லை. ஆனால் அடுத்த படத்துக்காக ஃபிலிமை நகர்த்தும் நெம்பியைத் தள்ளும்போது உள்ளே 'டொக்' என்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓசையை வெறுக்காதீர்கள்; கேமராவின் உயிர்நாடி அதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டதற்குக் கொஞ்சம் செலவு செய்ய வேண்டியிருந்தது. இணையத்தில் ஒருவர் 'நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதியிருந்ததை நம்பி 5,500 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரி போட்டதும் விளக்குகள் எரிந்தன, ஷட்டர் அடித்தது, எல்லாம் சரி என்றே நினைத்தேன். ஆனால் படங்களில் ஒன்றுகூட அளவான வெளிச்சத்தில் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், மாடிப்படியின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கேமராவைத் திறக்கவில்லை. காதருகே வைத்து இரண்டு முறை நெம்பியைத் தள்ளினார். என் காதிலும் வைத்துத் தள்ளிக் காட்டினார்.

"ஏதாவது சத்தம் கேட்டுதா தம்பி?"

"இல்லீங்க ஐயா."

"அதான் வியாதி. டொக்குன்னு ஒரு சத்தம் வரணும். உள்ள ரப்பர் கரைஞ்சு போச்சு."

ஷட்டர் பொத்தானுக்குக் கீழே, விரலின் அழுத்தத்தை உள்ளே இருக்கும் தண்டுக்குக் கடத்தும் இடத்தில், ஒரு சிறு ரப்பர் வில்லை இருக்கிறது. மிளகைவிடச் சற்றுப் பெரியது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அது உலர்ந்து நொறுங்கியோ பிசினாக உருகியோ போய்விடுகிறது. அது போனதும் பொத்தானின் பயணம் கணக்குத் தப்பி, மின்சுற்று தன் வேலையை உரிய நேரத்தில் செய்ய முடியாமல் போகிறது. உலகெங்கும் எலக்ட்ரோ வைத்திருப்பவர்கள் இதை எமனைப்போலப் பேசுகிறார்கள். மெக்கானிக் மேல்தட்டைக் கழற்றி, ஊசிமுனையால் பழைய பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு, தடித்த ரப்பர் தாளிலிருந்து வெட்டிய புதிய வில்லையை ஒட்டினார். பின்மூடியின் ஓரங்களில் வெளிச்சம் புகாமல் அடைத்திருந்த நுரைப்பஞ்சும் தார்போல ஒழுகிக்கொண்டிருந்ததால் அதையும் வழித்துவிட்டு, கறுப்பு வெல்வெட் நாடாவும் உல்லன் நூலும் வைத்து அடைத்தார். லென்ஸைப் பிரித்துத் துடைத்தது உட்பட 2,800 ரூபாய் ஆயிற்று. கேமராவின் விலையில் பாதி. இந்தத் தொகையை ஒதுக்கி வைக்காமல் இந்த வகைக் கேமராவை யாரும் வாங்க வேண்டாம். 'அப்பா பயன்படுத்தியது, பத்திரமாக வைத்திருந்தோம்' என்று விற்பவர் சொல்வது முழு உண்மையாகவே இருந்தாலும் ரப்பருக்கு அது தெரியாது.

பேட்டரி விஷயம் அத்தனை கொடுமையானதல்ல. இதற்கென்று இருந்த 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரி போதும். வோல்ட் வேறுபாட்டால் என் நெகட்டிவ்களில் எந்தக் கெடுதலும் தெரியவில்லை. அது நீளத்திலும் பருமனிலும் சிறியது என்பதுதான் தொல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுருட்டிக் குழாயாக்கி அதற்குள் பேட்டரியைச் செருகி, மீதி நீளத்துக்கு டார்ச் லைட்டின் சுருள் கம்பி ஒன்றையும், புழக்கத்தில் இல்லாத எவர்சில்வர் பத்துப் பைசா நாணயம் ஒன்றையும் வைத்தேன். பத்துப் பைசாவுக்கு நான் அண்மையில் கண்ட ஒரே பயன் இதுதான். இதற்கென்றே செய்த அடாப்டர்களும் விற்கின்றன; வாங்கிக்கொள்ளலாம். கேனனெட்டுக்கு வேண்டிய 1.35 வோல்ட் பேட்டரியின் கதை இதைவிடச் சிக்கலானது, அங்கே 1.5 வோல்ட் போட்டால் அளவு தவறிவிடும், காது கேட்கும் கருவிக்கான துத்தநாக பேட்டரியைத் தேடி அலைய வேண்டும்.

ஈரம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் வசிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாத வீட்டில், லென்ஸின் உட்புறத்தில் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்வதற்கு அதிக நாள் பிடிக்காது. கேமராவோடு வரும் தோல் உறைதான் முதல் பகை. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சோறு போடுவது அதுவே. உறையைத் தனியே எடுத்து அலமாரியில் அழகுக்கு வையுங்கள். கேமராவை, முறுக்கு நமத்துப்போகாமல் வைக்கும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் நீலநிற சிலிக்கா ஜெல்லோடு போட்டுவிட்டால் போதும். நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் சூடுபடுத்தினால் பழையபடி உலர்ந்துவிடும். அதைச் சமைக்கும் வாணலியில் மட்டும் வறுக்காதீர்கள். அந்த நீல நிறம் கோபால்ட் உப்பினால் வருவது.

ஃபிலிமின் விலை இந்தப் பொழுதுபோக்கின் கசப்பான பகுதி. முப்பத்தாறு படங்கள் கொண்ட வண்ண ரோல் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்கிறேன். கழுவவும் ஸ்கேன் செய்யவும் தனி. நகரில் ஒரு லேப், ஸ்கேன்களை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டது. 'யாரும் கேட்பதில்லை சார்' என்பதே அவர்கள் தந்த விளக்கம். அதன்பின் ரோலைக் கொடுக்கும்போதே ரசீதில் நெகட்டிவ் வேண்டும் என்று எழுதி வாங்குகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும் என்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். சித்திரை மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் அரிசியையே வேகவைத்துவிடலாம். ஒரு வாளியில் ஐஸ் கட்டியைப் போட்டு, அதற்குள் மருந்துப் புட்டிகளை நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ மருந்தின் வாசம் குளியலறையில் இரண்டு நாள் தங்கும் என்பதை வீட்டிலிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எடையைப் பற்றி ஒரு சொல்: ஏறத்தாழ முக்கால் கிலோ. கேனனெட் அதைவிடச் சிறியது, சட்டைப் பைக்குள் போகாவிட்டாலும் தோள்பையில் மறைந்துவிடும். பேட்டரியே இல்லாமலும் வேகத்தையும் துளையையும் நாமே வைத்து எடுக்கலாம். ஒரே ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்தான் வைத்துக்கொள்வேன், பெரும்பாலும் பகலில்தான் எடுப்பேன் என்பவர் அதையே வாங்கட்டும். ஒலிம்பஸ் 35 ஆர்சி அதைவிடவும் சிறியது என்றாலும் அதன் லென்ஸ் எஃப் 2.8, இருட்டு என் விருப்பம் என்பதால் நான் அதை நாடவில்லை. எலக்ட்ரோவை வாங்குவது என்று முடிவு செய்தவர், விற்பவரின் வீட்டுக்கே 4எல்ஆர்44 பேட்டரியோடும் அட்டைக் குழாயோடும் போக வேண்டும். பின்புறம் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் படங்களின் எண்ணிக்கை தெரியும் கட்டம் பச்சையாக ஒளிர வேண்டும். பேட்டரி அறையின் மூடியைத் திறந்ததும் பச்சைப் பாசிபோலக் களிம்பு படிந்திருந்தால், மின்கம்பிகளும் அரித்துப் போயிருக்கும். பின்மூடியைத் திறந்து, பி நிலையில் ஷட்டரை அழுத்திப் பிடித்தபடி கைப்பேசி விளக்கை லென்ஸ் வழியாகப் பாய்ச்சினால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மொட்டைமாடிக்குப் போய், கலங்கரை விளக்கமோ எல்ஐசி கட்டடமோ தொலைவில் எது தெரிகிறதோ அதை நோக்கிக் குவியத்தை முடிவிலிக்குத் திருப்பி, மஞ்சள் கட்டத்தில் இரண்டு உருவமும் மேலும் கீழுமாகப் பிரியாமல் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, தெருவில் ஹாரன் ஓயும்வரை காத்திருந்து, காதருகே வைத்து ஒரு முறை நெம்பியைத் தள்ளுங்கள். 'டொக்' வந்தால் கேட்ட விலையையே கொடுக்கலாம். வராவிட்டால் 2,800 ரூபாயைக் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.